‘தொற்று 0’ என்று வந்த அறிக்கைகள்

எங்கள் வீட்டிலுள்ள மூன்று கணினிகளின் கோப்புகளும் ஒவ்வோர் இரவும் ரெஸ்டிக் மென்பொருள் வழியாக ஒரு சிறிய லினக்ஸ் கணினிக்குப் பேக்கப் ஆகின்றன. அந்தக் கணினியில் கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனரை நிறுவி, பேக்கப் சேரும் கோப்புறையை வாரம் ஒருமுறை ஸ்கேன் செய்து, முடிவை மின்னஞ்சலில் அனுப்பும்படி ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைத்திருந்தேன். மூன்று மாதங்கள் தொடர்ந்து ‘தொற்று 0’ என்றே அஞ்சல் வந்தது. அந்த ஸ்கேனர் உண்மையில் எதைப் பார்க்கிறது என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சோதிப்பதற்கு ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்ட அந்தக் கோப்பு யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் அதை வைரஸ் என்றே அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை என் ஆவணக் கோப்புறையில் போட்டு, அன்றிரவு பேக்கப் ஆனதை உறுதி செய்துகொண்டு, காலையில் ஸ்கேனை ஓட்டினேன். வழக்கம்போல ‘தொற்று 0’ என்றே வந்தது.

காரணம் எளியது, அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். ரெஸ்டிக் பேக்கப்பைச் சேமித்து வைக்கும் கிடங்கைத் திறந்து பார்த்தால் அங்கே நம் கோப்புகள் எதுவும் அவற்றின் பெயரிலோ வடிவிலோ இருப்பதில்லை. ஒவ்வொரு கோப்பையும் அது துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்து, பல துண்டுகளை ஒரே பொதியாகக் கட்டி, நீண்ட பதினறும எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புகளில் சேமிக்கிறது. கடவுச்சொல் இல்லாத எவருக்கும் அவை பொருளற்ற பைட்டுகள். என் ஸ்கேனரிடமும் அந்தக் கடவுச்சொல் இல்லை. ஆகவே மூன்று மாதங்களாக அது பூட்டிய பெட்டிகளின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. போர்க், டூப்ளிகேட்டி போன்ற கருவிகளில் குறியாக்கத்தோடு பேக்கப் எடுப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் ஸ்கேன் செய்ய வேண்டியது கிடங்கை அல்ல, அதிலிருந்து மீட்டெடுத்த கோப்புகளை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரெஸ்டிக்கின் மவுண்ட் கட்டளையால், ஸ்னாப்ஷாட்கள் எனப்படும் அந்தந்த நாளின் பேக்கப் பதிவுகளைச் சாதாரண கோப்புறைகளைப் போல இணைத்து அங்கேயே ஸ்கேன் செய்யலாம். இடம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாகத் தேடியெடுத்துக் குறியாக்கத்தை அவிழ்க்க வேண்டியிருப்பதால் மிகவும் மெதுவாக நகரும். நான் அடுத்த வழியையே தேர்ந்தெடுத்தேன். வாரக் கடைசியில் அண்மைய ஸ்னாப்ஷாட்டை ஒரு தனி வட்டில் முழுமையாக மீட்டெடுத்து, அந்த வட்டில் உள்ள எதையும் நேரடியாக இயக்க முடியாதபடி நோஎக்ஸெக் அமைப்போடு இணைத்து, அங்கே ஸ்கேனை ஓட்டி, முடிந்ததும் அழித்துவிடுகிறேன். பேக்கப்பிலிருந்து கோப்புகள் சரியாகத் திரும்பி வருகின்றனவா என்ற ஒத்திகையும் இதிலேயே நடந்துவிடுவதால், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஒருமுறையும் மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

முதல் இரண்டு வாரங்களும் ஐகார் கோப்பு ஒழுங்காகப் பிடிபட்டது. மூன்றாம் வாரம் மீண்டும் ‘தொற்று 0’ என்று அஞ்சல் வந்தபோது, கோப்பு அங்கேயே இருப்பதைப் பார்த்து உண்மையாகவே கலங்கினேன். அன்று முழுதும் பதிவுக் கோப்புகளைப் படித்ததில் தெரிந்தது இதுதான். கிளாம்ஏவியில் கிளாம்டி என்ற சேவை பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வைரஸ்களை இனங்காண உதவும் அடையாளங்கள் அனைத்தையும் அது நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பதால் அதற்கு மட்டுமே 1 ஜிபிக்கு மேல் தேவைப்படுகிறது. ஃபிரெஷ்கிளாம் என்ற புதுப்பிப்புக் கருவி புதிய அடையாளங்களை இறக்கியவுடன், பழைய தொகுப்பை விடாமல் வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஸ்கேன் தடைபடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குத் தேவையான நினைவகம் இரட்டிப்பாகிறது. என் கணினியில் இருப்பது மொத்தமே 2 ஜிபி. நினைவகம் போதாதபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பொதுவாக அதிகம் உண்ணும் செயல்முறையைக் கொன்றுவிடும். அன்றிரவு கிளாம்டியைக் கொன்றுவிட்டது.

சேவை இறந்ததைவிட, அது இறந்ததை என் ஸ்கிரிப்ட் நலம் என்று அறிவித்ததுதான் பெரிய தவறு. கிளாம்ஏவி வேலையை முடிக்கும்போது தொற்று இல்லையென்றால் 0, இருந்தால் 1, பிழை நேர்ந்தால் 2 என்று ஓர் எண்ணைத் திருப்பும். நான் ‘1 என்றால் எச்சரி, இல்லாவிட்டால் சுத்தம்’ என்று எழுதியிருந்தேன். சேவையோடு பேசவே முடியாமல் 2 என்று வந்ததும் சுத்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இதற்குப் பிறகு கிளாம்டியையே நிறுத்திவிட்டேன். நாள் முழுதும் அஞ்சல்களைச் சோதிக்கும் சர்வருக்கு அது இன்றியமையாதது. வாரம் ஒருமுறை ஓடும் பேக்கப் சோதனைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கிளாம்ஸ்கேன் என்ற தனிக் கட்டளை அடையாளங்களை அப்போதைக்கு ஏற்றி, வேலையை முடித்து, நினைவகத்தை விட்டுவிடுகிறது. தொடங்கச் சற்று நேரம் எடுக்கிறது, இரவு இரண்டு மணிக்கு அதைப் பற்றிக் கவலைப்படுவார் யாருமில்லை.

அளவு வரம்புகளையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேயும் அதே மௌனம்தான். ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தால் ஸ்கேன் செய்யலாம் என்பதற்குக் கிளாம்ஏவியில் இயல்பான எல்லை 100 எம்பி. 2022இல் வந்த 0.105 பதிப்புக்கு முன்பு அது 25 எம்பியாகவே இருந்தது. எல்லையை உயர்த்தலாம், ஆனால் 2 ஜிபியைத் தாண்டிய கோப்புகளை அதனால் ஸ்கேன் செய்ய இயலாது. எல்லையைத் தாண்டியவற்றை அது ‘பார்க்கவில்லை’ என்று சொல்வதில்லை, தொற்று இல்லாத கோப்புகளோடு சேர்த்துவிடுகிறது. பழைய அஞ்சல் பெட்டிகளின் காப்பகங்களும் வட்டுப் படிமங்களும் எல்லாம் இந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும், தீநிரல் ஒளிந்திருக்க வாய்ப்புள்ள இடங்களும் அவைதான். வரம்பு மீறியவற்றை எச்சரிக்கையாகக் காட்டும் விருப்பத்தையும், கடவுச்சொல்லிட்ட ஜிப் கோப்புகளை எச்சரிக்கும் விருப்பத்தையும் கட்டளையிலேயே இயக்கி வைத்துவிட்டால், பார்க்காதவை எவை என்ற பட்டியலாவது கையில் கிடைக்கும்.

இப்போது ஐகார் கோப்பு என் ஆவணங்களுக்கிடையே நிரந்தரமாக இருக்கிறது. ஒன்று வெறுமனே, இன்னொன்று ஜிப்புக்குள் ஜிப்பாக. ஸ்கேன் முடிவில் இரண்டின் பெயரும் வந்தே ஆக வேண்டும். எது வராவிட்டாலும் ஸ்கிரிப்ட் பிழை அஞ்சல் அனுப்பும். ‘தொற்று 0’ என்பதே இப்போது அபாய அறிவிப்பு. (மூலக் கணினியில் வேறொரு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தால் அது இந்தக் கோப்பை உடனே அள்ளிக்கொண்டு போய்விடும், அந்தக் கோப்புறைக்கு அங்கே விலக்கு அளித்து வைக்க வேண்டும்.)

ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்த வாரத்தில் மட்டும் ஸ்கேன் செய்தால் போதாது. இன்று பரவும் தீநிரலுக்கு அடையாளம் சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் தொகுப்பில் சேரக்கூடும். அதற்குள் அது பல ஸ்னாப்ஷாட்களில் அமைதியாகக் குடியேறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வாரமும் அண்மைய ஸ்னாப்ஷாட்டோடு, பழையவற்றில் ஒன்றையும் சுழற்சி முறையில் மீட்டெடுத்துச் சோதிக்கிறேன். எந்த ஸ்னாப்ஷாட்டை எந்தப் பதிப்பு அடையாளத் தொகுப்பால் எந்தத் தேதியில் பார்த்தேன் என்பதை ஒரு சாதாரண உரைக் கோப்பில் ஒரு வரியாகக் குறித்து வைக்கிறேன்.

கண்டுபிடித்த கோப்பைத் தானாக அழிக்கும் விருப்பத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இயக்க வேண்டாம். ஸ்கேனர்கள் தவறிழைக்கும்: 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட ஓர் அடையாளப் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று கருதியதால் உலகெங்கும் ஏராளமான கணினிகள் முடங்கின. கிடங்கின் மீதே நேரடியாக அழிக்கும் ஸ்கேனை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு பொதியில் பல கோப்புகளின் துண்டுகள் இருப்பதால், ஒன்றை அழித்தால் தொடர்பே இல்லாத பல ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்தே உடையும்.

சென்ற மாதம் ஐகார் கோப்புகளோடு மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது, பழைய அஞ்சல் இணைப்பாக வந்த ஒரு வேர்டு ஆவணம். அதை மூலக் கணினியில் யாரும் திறந்ததற்கான தடயம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இல்லை. மேக்ரோ என்ற சிறு நிரல் உள்ளே இருப்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகு, மூலத்திலிருந்து நீக்கினேன். பின்னர் ரெஸ்டிக்கின் ரீரைட் கட்டளையால் அந்த ஒரு கோப்பு மட்டும் இல்லாத புதிய ஸ்னாப்ஷாட்களை உருவாக்கி, அவற்றில் ஒன்றை முழுதாக மீட்டுச் சரிபார்த்த பின்பே பழையவற்றைக் கைவிட்டு, தேவையற்ற தரவைக் கிடங்கிலிருந்து நீக்கும் ப்ரூன் கட்டளையை ஓட்டினேன். அடுத்த ஞாயிறு வந்த அறிக்கையில் இரண்டு பெயர்கள் மட்டும் இருந்தன.