"நான் அடிக்கவில்லையே, ஐயா"

பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆண்டுகளில், கடமையிலிருக்கும் அரசு ஊழியர்மீது பலம் பிரயோகிப்பதைக் குற்றமாக்கும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 353ஆவது பிரிவில் குற்றம் சாட்டப்பட்ட நம்மவர்கள் பலர் கூண்டில் நின்று முதலில் சொன்னது இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பிரிவு அடிப்பதோடு மட்டும் நிற்பதில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

ஓர் அங்காடிக்காரரை என்னால் மறக்க முடியவில்லை. தம் தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்ய வந்த அமலாக்க அதிகாரியின் கையிலிருந்த சம்மன் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். அதிகாரியின் மேல் விரல்கூடப் படவில்லை. ஆனால் 349ஆவது பிரிவின்படி, ஒருவர் அணிந்திருக்கும் அல்லது கையில் ஏந்தியிருக்கும் பொருளின்மீது செலுத்தும் பலமும் அவர்மீது செலுத்திய பலமாகவே கருதப்படலாம். அவர் சம்மதமின்றி, காயமோ அச்சமோ எரிச்சலோ விளைவிக்கும் நோக்கத்தோடு செய்திருந்தால் அது குற்றப் பலப்பிரயோகம் ஆகிவிடுகிறது. சாதாரண மனிதரிடம் இப்படி நடந்துகொண்டால் 352ஆவது பிரிவில் அதிகபட்சம் 3 மாதச் சிறை அல்லது 1,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும். கடமையிலிருக்கும் அரசு ஊழியரிடம் என்றால் 353ஆவது பிரிவில் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காயம் ஏற்படுத்தினால் 332ஆவது பிரிவு வந்து, சிறை 3 ஆண்டுகள் வரை நீளும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. அதிகாரி பணி முடிந்து கோப்பிக் கடையில் அமர்ந்திருக்கும்போது, நேற்று எழுதிய சம்மனுக்காக அவரைத் தள்ளினாலும் 353ஆவது பிரிவே பாயும். கடமை நிமித்தம் அவர் செய்த செயலுக்குப் பழிதீர்ப்பதையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. அதேவேளை, வெறும் வாய்ச்சொல் தாக்குதல் ஆகாது என்று 351ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஓங்கிய கையோடு சேரும் சொல்லின் நிலை வேறு.

குற்ற ஒப்புதலைப் பதிவு செய்யுமுன் அதன் தன்மையும் விளைவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்குகிறதா என்று உறுதிசெய்வது நீதிமன்றத்தின் கடமை. அன்று மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று தலையாட்டிக்கொண்டிருந்த அந்த அங்காடிக்காரப் பெரியவர், "இரண்டு ஆண்டுகள்" என்ற சொல்லில் நிமிர்ந்தார். கூண்டின் கம்பியைப் பிடித்தபடி, "ஐயா, ஒப்புக்கொள்வதற்கு முன் வக்கீல் ஒருவரிடம் பேச வேண்டும்" என்றார். அதை அப்படியே மலாயில் சொன்னேன், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.