கடல் பாடத்துக்கு இணையம்: நீரோடி முதல் குளச்சல் வரை உள்ள பள்ளிகளுக்கு

ஒன்பதாம் வகுப்பில் நீர்க்கோளம் பாடம் வந்தால் ஹைடெக் லேபில் ஒரு யூடியூப் காணொளியைப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது பழக்கமாகிவிட்டது. குமரி மாவட்டக் கரையில் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், இனயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது போதாது. நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது, கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) எப்போது எழும்பும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எத்தனை பாகம் ஆழம் என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டத்தை மட்டும் காட்டுவது பெரிய வீண். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே கடல் தரவுகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அசையும் வரைபடத்தைப் படம் மாதிரி ஓடவிட்டால் மனதில் ஒன்றும் தங்காது. நம் கரைக்கு நேரே ஒரு புள்ளி, அங்கே ஓர் எண், அந்த எண் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பதை மாணவர் தன் கையால் கிராஃப் தாளில் போட வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த முறைக்கானவை.

முதலில் மீன் இடம் சொல்லும் அட்டவணை

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் மீன் கூடக்கூடிய இடங்களை இறங்குதளம் வாரியாக அறிவிக்கிறது. ஒவ்வொரு வரியிலும் திசை, கோணம், கரையிலிருந்து தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். தமிழிலும் கிடைக்கிறது. ஒரு நாள் அட்டவணையை அச்செடுத்துவிட்டால் வகுப்பில் இணையமே வேண்டாம். ஆகவே இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

குளச்சல் ஏறத்தாழ 8.18 வடக்கு, 77.25 கிழக்கு. அட்டவணையில் 225 டிகிரி, 40 கிலோமீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது நேர் தென்மேற்கு. தெற்கே சுமார் 28 கிலோமீட்டர், மேற்கே சுமார் 28 கிலோமீட்டர். ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 110. வகுத்துக் கழித்தால் 7.93 வடக்கு, 77.0 கிழக்கு அருகில் வரும்.

இதில் இரண்டு தவறுகள் தவறாமல் வரும். கணித வகுப்பில் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளந்து பழகிய பிள்ளை, பாகைமானியை இங்கேயும் அப்படியே வைக்கும். கடலில் கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. இரண்டாவது தவறு, 7 டிகிரி 55 நிமிடத்தை 7.55 என்று எழுதுவது. சரியான எண் 7.92. இந்த ஒரு பிழையில் படகு 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும் என்று வரைபடத்தில் காட்டினால் பிறகு மறக்கமாட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் சீற்றமாக இருக்கும்போதும் இந்த அறிவிப்பு வராது. மேகமூட்டமான நாட்களிலும் இடைவெளி விழும். எனவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான அட்டவணைகள் சிலவற்றை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்கடல் எங்கிருந்து வருகிறது

நம் ஊரில் காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வீட்டுக்குள் வருகிறதே, ஏன்? இந்தக் கேள்விக்கு ஒரு பீரியடுக்குள் கணக்குப் போட்டே விடை சொல்லிவிடலாம்.

உலகக் காற்றையும் கடலையும் அசையும் வரைபடமாகக் காட்டும் எர்த் நல்ஸ்கூல் தளத்தைத் திறந்து, இடது கீழ் மூலையில் உள்ள பெயரைத் தட்டினால் மெனு விரியும். காற்று என்பதை மாற்றிக் கடலைத் தேர்ந்தெடுங்கள். அசைவுக்கு அலைகளைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரையிலிருந்து அரை டிகிரியாவது தள்ளி ஒரு புள்ளியைத் தட்டுங்கள். அலைக்காலம், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம், நொடிகளில் வரும். கரையை ஒட்டித் தட்டினால் எண் வராது, வந்தாலும் நம்ப முடியாது. இந்த எண்கள் கணினியின் மாதிரிக் கணக்கிலிருந்து வருபவை, அதன் கட்டங்கள் பெரியவை. தேங்காப்பட்டணம் துறைமுகச் சுவரும், கடலரிப்பைத் தடுக்கக் கல் அடுக்கிய தூண்டில் வளைவும் அதற்குத் தெரியாது.

ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், அலைக்காலத்தை 0.78 ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 18 நொடி அலைக்கு 14 மீட்டர். ஒரு நாளைக்குச் சுமார் 1,210 கிலோமீட்டர். தெற்கே 40 டிகிரி அட்சரேகையில், அதாவது தென்பெருங்கடல் பக்கம், ஒரு புயல் அடித்தால் நமக்கு 48 டிகிரி தூரம். ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். வகுத்தால் நாலரை நாளுக்குச் சற்றுக் குறைவு. 12 நொடி அலையாக இருந்தால் அதே தூரத்துக்கு ஆறரை நாள் ஆகும். நீள அலை முந்தி வரும், குட்டை அலை பிந்தி வரும். அதனால்தான் கள்ளக்கடல் தொடக்கத்தில் இரண்டு அலைகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் இருக்கிறது. தளத்தில் தேதியை நாலு, ஐந்து நாள் பின்னோக்கி நகர்த்தித் தெற்கே பார்த்தால் அந்தப் புயலையே கண்டுபிடித்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதை ஏப்ரல், மே மாதத் தேதிகளில் செய்யுங்கள். ஜூன், ஜூலையில் உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையே மேலோங்கி நிற்கும், தளம் அதன் காலத்தைத்தான் காட்டும். தூரத்து அலை அதற்குள் மறைந்துபோகும். நேரம் உலக நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டுவதையும் சொல்லிவிடுங்கள்.

கரையில் நேரில் எண்ணிப் பார்க்கவும் செய்யலாம்: பதினோரு அலை உடையும் வரை கடிகாரம் பார்த்து, முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். தூண்டில் வளைவுக் கற்களில் ஏறி நின்று எண்ண விடவே கூடாது. ஊருக்குள் உயரமான இடத்திலிருந்து எண்ணினால் போதும். இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம்.

ஆடி மாதத்துக் குளிர்ந்த நீர்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் மேற்குக்கரையில் அடிநீர் மேலே வருவது உலகக் கடலியலில் பேசப்படும் விஷயம். அதைப் பார்க்க நாசாவின் வேர்ல்டுவியூ தளம் சிறந்தது. வழி இதுதான்: அடுக்குகளைச் சேர்க்கும் பொத்தானைத் தட்டி, கடல் மேற்பரப்பு வெப்பநிலையில் எம்.யூ.ஆர். என்ற அடுக்கைச் சேர்க்கவும். ஒப்பீட்டுப் பொத்தானைத் தட்டி, ஒரு பக்கம் மே 10, மறுபக்கம் ஆகஸ்ட் 10 வைக்கவும். நடுக்கோட்டை இழுத்தால் வித்தியாசம் தெரிய வேண்டும்.

பெரும்பாலும் தெரியாது. இங்கேதான் பல ஆசிரியர்கள் தளத்தை மூடிவிடுகிறார்கள். காரணம் எளிது: நிறப்பட்டை துருவக் கடலிலிருந்து நிலநடுக்கோடு வரை எல்லா வெப்பநிலைக்கும் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் கடலில் உள்ள மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் ஒரே சிவப்புக்குள் அடங்கிவிடும். அடுக்கின் அமைப்புக் குறியைத் தட்டி, கீழ் எல்லையை 24க்கும் மேல் எல்லையை 31க்கும் கொண்டுவந்து, நிறப்பட்டையைச் சுருக்கும் கட்டத்தையும் தேர்வு செய்யுங்கள். கன்னியாகுமரி முனையிலிருந்து கொல்லம் பக்கம் நோக்கிக் குளிர்ந்த நீரின் பட்டை பளிச்சென்று எழும்பும்.

ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: கச்சான் கரையை நோக்கித்தானே அடிக்கிறது, நீர் எப்படி வெளியே போகும்? நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். அந்த மாதங்களில் நம் மேற்குக்கரை ஓரம் காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தென்கிழக்காகவும் வீசுகிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் மேல்நீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்புறமாக நகரும். தென்கிழக்கே போகும் காற்றுக்கு வலப்புறம் தென்மேற்கு, அதாவது கடல் பக்கம். மேல்நீர் விலகிய இடத்தில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் ஏறுகிறது, பாசி பெருகுகிறது, சாளையும் நெத்திலியும் தேடி வருகின்றன. மேற்குக்கரை விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதையும் கிழக்குக்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதையும் அதே பலகையில் எழுதலாம். குளச்சலுக்கு ஒன்று, சின்னமுட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு நாட்காட்டியும் நம் ஒரே மாவட்டத்தில் நடக்கின்றன.

பாசி அளவைக் காட்டும் குளோரோஃபில் அடுக்கு அந்த மாதங்களில் வெறுமையாக இருக்கும். மேகத்துக்கு மேலிருந்து அந்தக் கருவியால் கடலைப் பார்க்க முடியாது. வெப்பநிலை அடுக்கில் ஓட்டையே இல்லாமல் இருப்பது, பல செயற்கைக்கோள்களின் அளவீடுகளைச் சேர்த்து இடைவெளியைக் கணக்கால் நிரப்பியதால்தான். இதை மறைக்காமல் சொல்லுங்கள். குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டண முகத்தில் குளோரோஃபில் மிக அதிகமாகக் காட்டினால் அதில் பாதி நம்பிக்கைதான் வைக்கலாம். கலங்கல் நீரின் மண்ணையும் கருவி பாசி என்று எண்ணிக்கொள்ளும்.

ஆழத்துக்கு ஆர்கோ

ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ நாலாயிரம் உலகக் கடல்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பநிலையும் உவர்ப்பும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அரபிக்கடலில் ஒன்று, வங்கக்கடலின் வடக்கே ஒன்று தேர்ந்தெடுத்து மேல்நீர் உவர்ப்பை ஒப்பிடுங்கள். முன்னதில் 36ஐத் தாண்டும் (ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு), பின்னதில் 33க்கும் கீழே போகும். அங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீர் கொட்டுகின்றன. இங்கே ஆவியாதல் அதிகம்.

எக்செலில் வரையும்போது 99999 என்ற எண் இருந்தால் அது அளவீடு இல்லாத இடம். அழிக்காவிட்டால் வரைபடம் முழுவதும் ஒரு கோடாக நசுங்கிவிடும். தரக்குறி 1 (நல்ல அளவீடு) உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஆழம் டெசிபார் என்ற அழுத்த அலகில் இருக்கும், ஒரு டெசிபார் ஒரு மீட்டர் என்று கொள்ளலாம். ஆழ அச்சைத் தலைகீழாக்க மறந்தால் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும்.

கூடவே ஒரு கைச்சோதனை. 35 கிராம் கல்லுப்பை 965 மில்லி நீரில் கரைத்து வடிகட்டினால் கடல்நீரின் உவர்ப்பு கிடைக்கும். பாக்கெட் தூள் உப்பு நீரைக் கலங்கலாக்குகிறது. அடியில் களிமண் அடைத்த உறிஞ்சுகுழலை மிதக்கவிட்டால், நன்னீரில் 10 சென்டிமீட்டர் மூழ்குவது இதில் இரண்டரை மில்லிமீட்டர் மட்டுமே உயரும். 32க்கும் 36க்கும் உள்ள வித்தியாசம் இந்தக் குழலில் தெரியவே தெரியாது. அதனால் 0, 35, 70 என்று மூன்று கரைசல் வையுங்கள்.

இன்னும் சில

ஓதத்துக்கு (கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கு) யுனெஸ்கோவின் கடல்மட்டக் கண்காணிப்புத் தளம் இருக்கிறது. கொச்சி நிலையத்தின் பதிவில் அமாவாசை வாரத்தையும் அஷ்டமி வாரத்தையும் ஒப்பிட்டால் போதும். திடீரெனக் குத்திட்டு நிற்கும் ஊசிக்கோடுகள் கருவிக் கோளாறு, அலை அல்ல.

2004 சுனாமியின் அசைபடங்களும் 2017 ஒக்கி புயலின் பாதையும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. நம் வகுப்புகளில் அவற்றை முன்னறிவிப்பில்லாமல் திரையில் போடாதீர்கள். தகப்பனையோ சித்தப்பாவையோ கடலில் இழந்த வீட்டுப் பிள்ளை அந்த அறையில் இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் முதலில் கேளுங்கள். புயல் பாதை கற்பிக்க ஆள் சேதம் இல்லாத வேறொரு புயலின் பாதை போதும்.

பள்ளி இணையத்தை நம்பி எதையும் நேரலையாகத் திட்டமிட வேண்டாம். முந்தின நாள் ஒவ்வொரு படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கோப்பின் பெயரில் தளம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை நான்கையும் எழுதிப் பென்டிரைவில் வையுங்கள். நிறப்பட்டையையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள். அது இல்லாத படத்திலிருந்து மாணவரால் ஓர் எண்ணும் படிக்க முடியாது.