அரை விநாடி

மார்ச் 4

இன்றும் எதுவும் சொல்லவில்லை. நாளை பார்க்கலாம் என்றார்கள்.

ஜன்னலோரம் நின்று எதிரே இருக்கும் மரங்களை எடுத்தேன். பொழுது சாய்ந்த நேரம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் அரை விநாடி. கேமராவை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே ஷட்டரை அமுக்கினேன். அடிமரங்கள் நெட்டுக்குத்தான கோடுகளாகிவிட்டன. இலை என்று ஒன்றுமே இல்லை, பச்சை மட்டும்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

சுள்ளென்ற வெயில். இந்த வெளிச்சத்தில் அரை விநாடிக்கு வழியே இல்லை. லென்ஸுக்கு முன்னால் 6 ஸ்டாப் என்டி ஃபில்டரை, அதாவது கறுப்புக் கண்ணாடியை, மாட்டினேன். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி. அது வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும், 1/125 விநாடி அரை விநாடியாகிவிடும். துவாரத்தை எஃப் 22க்குச் சுருக்கியும் நேரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், ஆனால் சென்சாரில் இருக்கிற தூசியெல்லாம் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். 10 ஸ்டாப் போட்டால் எட்டு விநாடி. கையில் பிடித்து எட்டு விநாடி ஆட்டினால் மிஞ்சுவது வெறும் புகை.

அரை விநாடிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பொருள் கரையும், ஆனால் முழுக்கத் தொலைந்து போகாது.

மார்ச் 6

அக்கா கொஞ்சம் சாப்பிட்டாள்.

மார்ச் 8

தூக்கம் வரவில்லை. ராத்திரி கீழே தெருவிளக்குகளைப் பார்த்துக் கேமராவை இடமிருந்து வலமாக வீசினேன். ஒரு விளக்கு நீளமான, உடையாத கோடாக வந்தது. பக்கத்திலேயே இருந்த எல்இடி விளக்கு சின்னச் சின்னத் துண்டுகளாக, தையல் போட்ட மாதிரி. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் எரிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மாதிரி எல்இடி விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண் அதைப் பிடிப்பதில்லை. நகரும் கேமரா பிடித்துவிடுகிறது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயமே. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி சமமாக இல்லை. தொடக்கத்தில் நெருக்கம், நடுவில் அகலம், முடிவில் மறுபடி நெருக்கம். கை எங்கே தயங்கியது, எங்கே வேகம் பிடித்தது என்று அப்படியே பதிவாகியிருக்கிறது! தயங்கிய இடத்தில் வெளிச்சமும் சேர்ந்து தடித்திருக்கிறது.

1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே ஒரே தகட்டில் நடப்பவனைத் துண்டு துண்டாக எடுத்தார். முப்பது வருஷம் கழித்து இத்தாலியில் புகைப்படக்காரர் பிரகாலியா, இயக்கத்தைத் துண்டாக்கக் கூடாது, இழை அறாமல் காட்ட வேண்டும் என்று வாதாடினார். என் ஒரே படத்தில் இரண்டு விளக்குகளும் இரண்டு பேர் கட்சியையும் பேசுகின்றன. நான் பிரகாலியா பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அந்தத் துண்டுகளை விட மனசில்லை.

மார்ச் 9

போட்டோஷாப்பில் மோஷன் பிளர் போட்டு அதே காட்சியைச் செய்து பார்த்தேன். உயிரே இல்லை. கோணம் ஒன்று, நீளம் ஒன்று, எல்லாப் புள்ளியும் ஒரே அளவு இழுபடுகிறது. விளக்கு 255இல் (படத்தில் பதியக்கூடிய உச்ச வெளிச்சம்) ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பதால், அதை இழுத்தால் சாம்பல் நிற வால்தான் கிடைக்கிறது. நிஜத்தில் அந்த விளக்கில் 255க்கு மேல் எவ்வளவோ வெளிச்சம் இருந்தது. சென்சார் மேல் ஓடும்போது அதெல்லாம் கோடு முழுக்கப் பரவும், கோடும் பளிச்சென்று நிற்கும்.

பாத் பிளரில் (நாம் வரையும் பாதையில் இழுக்கும் கருவி) வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்தான். ஆனால் எங்கே தயங்குவது என்று நான் யோசித்துச் சொல்ல வேண்டும். யோசித்துச் சொன்னால் அது தயக்கமா?

மூன்றாம் மாடியிலிருந்து யாரும் வரவில்லை.

மார்ச் 11

லேயர்கள், படத்தின் மேல் படமாக அடுக்குவது. மல்டிப்ளை முறை இருட்டாக்கும்: 128ம் 128ம் சேர்ந்தால் 64. ஸ்கிரீன் முறை வெளுப்பாக்கும்: 192. நடுத்தரச் சாம்பலாக எடுத்த மரங்களை மல்டிப்ளையில் மூன்று அடுக்கு வைத்தால் சகதிதான், பச்சை செத்துப் போகிறது. லைட்டன் நல்ல பிள்ளை: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும், ராத்திரிக் கோடுகளுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மரங்களுக்குச் சரியாக வந்தது சராசரி. எல்லாம் நார்மல் முறை, கீழிருந்து ஒப்பாசிட்டி (அடுக்கு அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்பது) 100, 50, 33, 25 சதவீதம். எல்லாப் படத்துக்கும் ஒரே பங்கு. அதன் அடியில் அசையாமல் எடுத்த ஒரு படத்தை வைத்து, மேல் அடுக்குகளுக்கு மாஸ்க் (வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கும் திரை) போட்டு, ஒரே ஒரு கிளையை மட்டும் லேசாகத் தெரியவிட்டேன். அந்தக் கிளை வந்ததும் மொத்தப் படமும் மூச்சு விட்டது.

அக்காவிடம் காட்டினேன். "என்னடா இது, தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு." அப்புறம், "இந்தக் கிளை நல்லா இருக்கு" என்றாள். நான் எதுவும் சொல்லாமலே அதைத்தான் தொட்டாள்.

மார்ச் 12

வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

மார்ச் 13

எரிச்சலில் எடுத்த படங்கள் எல்லாம் இரண்டு முனையிலும் முடிச்சோடு இருக்கின்றன. சட்டென்று தொடங்கி சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் வரும். கை முதலில் நகரத் தொடங்க வேண்டும், நடுவில் ஷட்டர் திறந்து மூட வேண்டும், கை அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்போது கோடு சட்டகத்துக்கு வெளியிலிருந்து வந்து வெளியே போகிறது போல இருக்கும்.

ஆனாலும் முடிச்சுகளை அழிக்கப் போவதில்லை. இன்றைய நாள் அப்படித்தான் இருந்தது.

மார்ச் 15

டிஃபரன்ஸ் முறை இரண்டு அடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும். அதில் ஒரு படத்தை அதன் மேலேயே வைத்தால் முழுக் கருப்பு. மேல் அடுக்கை ஒரு நூல் தள்ளினால் விளிம்புகள் மட்டும் முளைக்கின்றன. முடிச்சுள்ள கோடுகளை இதில் போட்டுப் பார்க்கணும்.

மாலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரையும். அக்கா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பேட்டரி பாதிதான் இருக்கிறது, அதுவரை 1/8 விநாடியில் அந்தக் கிளையை மட்டும்