சுவருக்குள் ஒரு குழாய்

மூன்றாவது அடியிலேயே சுத்தியல் நின்றுவிட்டது.

"சார், உள்ள பைப் போகுது."

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவர். அதை இடித்து இரண்டையும் ஒன்றாக்கத் திட்டம். சுமை தாங்கும் சுவர் என்பதால் இன்ஜினியர் கணக்குப் போட்டு அதற்குப் பதிலாக இரும்பு பீம் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாகிவிட்டது. மாடி பாத்ரூமிலிருந்து இறங்கும் 4 அங்குலக் கழிவுக் குழாயைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

"பீம்ல ஓட்டை போட்டு விட்டுடலாமா?" என்றேன்.

பிளம்பர் பார்த்த பார்வை இருக்கிறதே!

தண்ணீர்க் குழாய் என்றால் கவலையில்லையாம். அழுத்தத்தில் ஓடுவது, வளைத்த பக்கமெல்லாம் வரும். கழிவுக்குச் சரிவு மட்டும்தான் துணை. அடிக்குக் கால் அங்குலம் இறங்க வேண்டும். குழாயைத் திருப்பி இறக்க வேண்டிய பக்கத்துச் சுவர் 12 அடி தள்ளி இருக்கிறது. அப்படியானால் 3 அங்குலம். அதற்கு மேல் குழாயின் பருமன் வேறு. நான் ஆசைப்பட்ட உயரமான சீலிங் அங்கேயே காலி.

90 டிகிரி எல்போவை, அதாவது குழாயைத் திருப்பும் வளைவை, தூக்கி ஓரமாக வைத்துவிட்டு 45 டிகிரியில் இரண்டு எடுத்தார். திருப்பத்தில் அடைப்பெடுக்க ஒரு மூடி.

பிறகு குழாய் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது. சரி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "இப்பதான் சரி" என்று கிளாம்பை இறுக்கினார்.

வரைபடத்தில் அந்தச் சுவர் வெறும் கோடு. பத்து வருஷமாக அதில் காலண்டர் மாட்டியிருக்கிறேன்.

ஆணி அடித்த ஓட்டை, குழாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது.