மதியம் மூன்று மணிக்கும் குளோரின் 4.5

நேற்று மதியம் 3 மணி வெயிலில் நீச்சல் குளத்திலிருந்து எடுத்த தண்ணீருக்கு, சோதனை மருந்து ஒன்பது சொட்டு ஆனது. அப்படியென்றால் குளோரின் 4.5 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 4.5 பங்கு. ஏப்ரல் கடைசியில் குளத்தை நிரப்பிய நாளிலிருந்து இந்த நேரத்தில் இரண்டு சொட்டைத் தாண்டியதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்குக் கொஞ்சம் வடக்கே தோட்டம். குளத்துக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. 10க்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.35, மொத்தம் 54,000 லிட்டர். உப்பு 3,200 பிபிஎம். அந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் கருவிதான் செல், அது மணிக்கு 20 கிராம் தரும்.

எட்டு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 160 கிராம். இந்தத் தண்ணீருக்கு அது நாளொன்றுக்கு 3 பிபிஎம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மதியம் பார்த்தால் அரை, ஒன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. குளம் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், "சார், செல்லை நூறிலேயே வையுங்க, ரெண்டு நாள்ல ஏறிடும்" என்பார். இரண்டு வாரம் வைத்தேன். படிக்கட்டு ஓரத்தில் கை வைத்தால் பாசி வழுவழுப்பு தட்டியதுதான் மிச்சம். நான்கு நாள் லிக்விட் குளோரின் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து அதை ஒழித்தேன். அதற்குப் பிறகும் மதியம் காலிதான்.

அப்புறம்தான் இரவுச் சோதனை செய்து பார்த்தேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். செல்லை அணைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் 2.7 லிட்டர் லிக்விட் குளோரின் ஊற்றி, பம்பை மட்டும் ஓட விட்டேன். இரவு 8 மணிக்குப் பத்து சொட்டு. விடியுமுன் 5.30க்கு ஒன்பது. ராத்திரி முழுக்க அரை பிபிஎம்தான் குறைந்திருக்கிறது, ஆகவே தண்ணீரில் குளோரினைத் தின்ன எதுவும் இல்லை. செல்லைப் போடாமலே விட்டு 11 மணிக்குப் பார்த்தால் ஒரே ஒரு சொட்டு! தின்றது வெயில். வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட், குளத்தில் துளியும் போடவில்லை. "உப்புக் குளத்துக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. செல்லில் இருந்து வருவதும் அதே குளோரின்தான், வெயிலுக்கு அதுவும் தாங்காது. இதைச் சொல்லாமல் ஒருவர் உப்புக் குளம் விற்பது எனக்கு இன்னும் கோபமாகவே இருக்கிறது.

ஸ்டெபிலைசர் வாங்குவதும் சுலபமாக இல்லை. பாரிமுனையில் ஏறி இறங்கிய இரண்டு கடைகளில், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையை நீட்டினார்கள். ஒன்றல்ல. அதில் குளோரினும் சேர்ந்தே இருக்கிறது. மூன்றாவது கடையில் தூளாகவே கிடைத்தது, ஆனால் மூட்டையாகத்தான் தருவார்களாம். எனக்கு 70 பிபிஎம்முக்குத் தேவை 3.8 கிலோ. மீதியைப் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

இது லேசில் கரையாது. பழைய வேட்டித் துணியில் 2 கிலோவை மூட்டையாகக் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு எதிரே கயிற்றில் தொங்கவிட்டேன். மணிக்கொரு முறை கையுறை போட்டுப் பிசைந்தால் பால் போல வெள்ளையாகக் கசியும். இரண்டு நாள் ஆனது. கரையாதது வெளியே போய்விடக் கூடாதென்று, ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவும் பேக்வாஷை ஒரு வாரம் செய்யவில்லை. கூடிப்போனால் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதால் மீதியை அளந்து பார்த்த பிறகே போட்டேன்.

அளப்பதுதான் பெரிய பாடு. ஸ்டெபிலைசரைக் காட்டும் மருந்து சேர்த்துக் கலங்கிய தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்ற ஊற்ற அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி மறைய வேண்டும். உற்றுப் பார்த்தால் ஏமாந்தோம். மறைந்துவிட்டது என்று மனம் சொல்லும், கண் இன்னும் தேடிக் கண்டுபிடிக்கும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். அதே கலவையை மூன்று முறை ஊற்றிப் பார்த்தேன்: 70, 60, 70. சரி, போதும்.

இப்போது செல் 80 சதவீதத்தில் ஓடுகிறது. காலையும் மாலையும் குளோரின் 4-க்கும் 5-க்கும் நடுவே நிற்கிறது. 5 அதிகம் இல்லையா என்று அக்கா கேட்டாள். ஸ்டெபிலைசர் 70 இருக்கும்போது பெரும்பகுதி குளோரினை அது பிடித்து வைத்துக்கொள்ளும், வேலை செய்யும் குளோரின் கொஞ்சம்தான். அதனால் ஸ்டெபிலைசர் அளவில் 5 சதவீதத்துக்குக் கீழே, எனக்கு 3.5-க்குக் கீழே, இறங்க விடுவதில்லை.

குளோரின் அளவை மஞ்சள் நிறத்தில் காட்டும் பழைய கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மஞ்சளில் இது 2-ஆ 3-ஆ என்று சண்டை போட முடியாது. இப்போது சொட்டு எண்ணும் எஃப்ஏஎஸ்-டிபிடி கிட் விலை அதிகம்தான், ஆனால் ரோஸ் நிறம் போகும்வரை சொட்டை எண்ணினால் முடிந்தது. 10 மில்லி தண்ணீருக்குச் சொட்டு ஒன்றுக்கு அரை பிபிஎம்.

தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் இன்னும் அடங்கவில்லை. மூன்று நாளில் 7.6-லிருந்து 8-க்குப் போய்விடுகிறது, ஆசிட் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், 110 இருக்கிறது, அதை 70-க்குக் கொண்டுவந்தால் ஏறும் வேகம் குறையும். அதை முடிக்கும் முன்பே மனம் அக்டோபருக்குப் போய்விட்டது. போர் தண்ணீர் கடினம், செல் தகடுகளில் இப்போதே வெள்ளைப் பூச்சு தெரிகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரைத் தண்ணீரை ஃபில்டர் வழியாகக் குளத்துக்குத் திருப்பிவிட்டால் சுண்ணாம்பு குறையும். உப்பும் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே நீர்த்துப்போகும், திரும்பப் போட வேண்டும். உப்பளம் பக்கத்திலேயே இருந்தாலும் அந்தக் கல்லுப்பு வேண்டாம், மண்ணும் மெக்னீசியமும் கலந்திருக்கும். போன முறை போலவே தூத்துக்குடியிலிருந்து வரும் அயோடின் கலக்காத சுத்திகரித்த உப்புதான். 50 கிலோ மூட்டை இரண்டு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். குழாய் வேலைக்கு பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.