கடிகாரம் பின்னால் போனால்

திரையில் ஒரே வரி: ‘சர்வரின் சான்றிதழ் செல்லாது.’

நேற்று மாலைவரை ஓடிய தின் கிளையன்ட்தான், அதாவது வேலையெல்லாம் சர்வரில் நடக்க, திரையை மட்டும் காட்டும் சின்னப் பெட்டி. கேபிள் சரி, ஐபி முகவரி கிடைத்திருக்கிறது, பிங்கும் (சர்வர் பதில் தருகிறதா என்ற சோதனை) போகிறது. பக்கத்து டெர்மினலில் அதே சர்வர் ஜம்மென்று திறக்கிறது.

கீழே மூலையைப் பார்த்தால் தேதி 1 ஜனவரி 2015.

விஷயம் அவ்வளவுதான். சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. இந்தப் பெட்டியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை!

இரவு பவரை அணைத்தபோது, உள்ளே தீர்ந்துபோன பேட்டரியால் கடிகாரத்தைத் தாங்க முடியவில்லை. பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032 காசு பேட்டரி. சில மாடல்களில் அதுவே வயரும் குட்டி கனெக்டருமாக வரும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றியதும் பயாஸில் (பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரையில்) தேதியோடு, எதிலிருந்து கிளம்புவது என்ற பூட் வரிசையையும் பாருங்கள், அதுவும் கலைந்திருக்கலாம்.

பிறகு என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை. ஒவ்வொரு பெட்டியாகப் போய் அடிக்க வேண்டாம். பெட்டிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியில் ஆப்ஷன் 42-ல் நேர சர்வரின் முகவரியைக் கொடுத்தால், அதைப் படிக்கும் மாடல்கள் தானே எடுத்துக்கொள்ளும். என்டிபி போய்வரும் யுடிபி 123 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் வகைப் பெட்டி என்றால், மாற்றங்களை நிரந்தரமாகப் பதியவிடாமல் தடுக்கும் ரைட் ஃபில்டர் ஒரு தனித் தலைவலி. அதை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம்தான் அமைப்பை மாற்ற வேண்டும். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். நிறுத்தாமல் மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லாம் பழையபடி.

தேதி சரியாக இருந்தும் அதே வரி வந்தால், இணைப்பில் சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியை யாராவது அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சான்றிதழ் பெரும்பாலும் பெயருக்குத்தான்.