ஒட்டிப்போன இமை

"அண்ணே, தொட்டியில கல் உப்பு போட்டா சரியாயிடுமா?"

மீன் கடையில் ஒரு பையன். டப்பாவுக்குள் சிவப்புக்காது ஆமைக்குட்டி. இமை ரெண்டும் பட்டாணி மாதிரி வீங்கி ஒட்டியிருக்கு. கழுத்தை நீட்டி, இரைன்னு நெனச்சு வெறும் தண்ணியைக் கடிக்குது.

கடைக்காரர் ஏதோ சொட்டு மருந்தை நீட்டினார்.

"தினம் என்னப்பா போடுறே?"ன்னு பையன்கிட்ட கேட்டேன்.

"காய்ஞ்ச இறால்தாண்ணே."

அங்கதான் சிக்கல். வைட்டமின் ஏ குறைஞ்சா இப்படி வீங்கும். உப்பும் சரிவராது. உவர்நீரில் வாழும் அமெரிக்க டயமண்ட்பேக் ஆமைக்கு உப்பை வெளியேத்தக் கண்ணருகே சுரப்பி உண்டு. இந்த நன்னீர் ஆமைக்கு அந்த வசதி கிடையாது.

மருந்தும் விளையாட்டில்லை. வைட்டமின் ஊசி அளவு மீறினா தோலே உரியும். நாய்க்குக் கொடுக்குற ஐவர்மெக்டின்ங்கிற ஒட்டுண்ணி மருந்து ஆமையைக் கொன்னுடும்.

ஊர்வன பாக்குற கால்நடை டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். கடைக்காரர் முறைச்சார். முறைக்கட்டும்.